குன்னூரில் ப்ராஜெக்ட் கணக்குப் போட்டுத் தரும் ஒரு மாடிக் கடை

பெட்ஃபோர்டு பக்கம், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது கடை. போர்டில் டைப்பிங், ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங் என்று பெரிதாகவும், அதற்குக் கீழே ‘புள்ளிவிவர ஆலோசனை’ என்று சின்னதாகவும் எழுதியிருக்கும். பெயரைப் போடாமல் எழுதுங்கள் என்று நடத்துகிற மேடமே கேட்டுக்கொண்டார். ப்ராஜெக்ட் சமயத்தில் ஏற்கெனவே படிக்கட்டு வரைக்கும் பிள்ளைகள் நிற்கிறார்களாம், இதற்கு மேல் தாங்காது என்கிறார். தேவைப்பட்டவர்கள் பேக்கரியில் கேட்டால் கையைக் காட்டிவிடுவார்கள்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகள் எம்.எஸ்.டபிள்யூ. கடைசி வருடம். சிறு தேயிலை விவசாயிகளைப் பற்றி ப்ராஜெக்ட். கூட்டிக்கொண்டு போய்ப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எழுதுகிற விமர்சனம் இது. அதனால் சாஃப்ட்வேர் எது, வெர்ஷன் எது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

முதலில் கீழே கோயம்புத்தூரில் ஓர் இடத்தில்தான் கொடுத்தோம். ஏ.சி. ரூம், கண்ணாடிக் கதவு, 4,000 ரூபாய். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எக்செல் ஃபைலை வாங்கிக்கொண்டார்கள், மூன்றாம் நாள் நாற்பது பக்கம் வந்தது. வீட்டில் புரட்டிப் பார்த்தால் ஓர் அட்டவணையில் ‘பாலினம் – சராசரி 1.43’ என்று இருக்கிறது. ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று மகள் குறித்து வைத்திருந்ததை அப்படியே கூட்டி வகுத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வரியில் ஃபேக்டரி கொடுத்த விவசாயி உறுப்பினர் எண்ணுக்கும் சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் போட்டிருந்தார்கள். உறுப்பினர் எண்ணின் சராசரியை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணுவது? ரேஷன் கார்டு நம்பரைக் கொடுத்திருந்தாலும் சராசரி வந்திருக்கும். மகளின் கைடு அதைப் பார்த்துவிட்டு, “இதை யாரம்மா பண்ணினது?” என்று மட்டும் கேட்டாராம்.

அப்புறம்தான் யாரோ சொல்லி இந்த மாடிக்கு ஏறினோம்.

மேடத்துக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். சொந்த ஊர் மேட்டுப்பாளையம். மாநில அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவர். சர்வீஸில் பாதி நாள் கீழ்நாட்டில் வயல் வரப்பில் நின்றதாகச் சொன்னார். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. எந்தச் சர்வே எண், அந்த வயலில் எந்த இடம் என்று குருட்டாம்போக்காக எண்களை வைத்துத் தேர்ந்தெடுத்து, நெல்லாக இருந்தால் ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதை மட்டும் அறுத்து எடை போட்டு, அதிலிருந்து மாவட்ட மகசூலைக் கணக்கிடுவார்கள். “வயக்காரரு நல்லா விளைஞ்ச மூலையத்தான் காட்டுவாரு. நாங்க எங்க கயிறு விழுகுதோ அங்கதான் அறுப்போம்” என்றார். எனக்கு உடனே மரியாதை வந்துவிட்டது. ஃபேக்டரியில் இலை மூட்டையைப் பிரித்தால் மேலே கொழுந்தும் அடியில் முற்றலும் இருக்கும். எங்கே கையை விட வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் இருந்தது. அதை அவர் தொடவே இல்லை. நீள நோட்டு ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, முதல் வரிசையைப் பென்சிலால் தட்டினார். “இந்த வரிசையில யாரு கண்ணு உக்காந்திருக்கறது?”

“விவசாயி, மேடம்.”

“சரி. ஒரு விவசாயியச் சொல்லு.”

மகள் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரரைச் சொன்னாள். வயசு, எத்தனை ஏக்கர், எத்தனை வருஷமாகத் தேயிலை என்று கட்டம் கட்டமாக நிரம்பியது. அடுத்த கட்டம் ‘பறிப்பது: கையா, கத்தரியா’. பென்சில் அங்கே நின்றுவிட்டது. அவருக்கு மூன்று துண்டு நிலம். வீட்டை ஒட்டியிருப்பதில் அவர் மனைவியே கையால் பறிக்கிறார். கீழ்ச்சரிவில் ஆள் கிடைக்காமல் கத்தரி வைத்து வெட்டுகிறார். மூன்றாவது பாதிப் பாதி. என்ன எழுதுவது? ‘இரண்டும்’ என்று எழுதலாம் என்றாள் மகள்.

“எழுதலாம். எழுதிட்டு, கத்தரியில பறிச்சா இலை கெடுதான்னு இந்த வரிசையக் கேட்டா அது என்ன சொல்லும்?”

ஒன்றும் சொல்லாது. ஒரே ஆளுக்குள் கையும் இருக்கிறது, கத்தரியும் இருக்கிறது. அப்படியானால் வரிசையில் உட்கார வேண்டியது தோட்டமா? அதுவும் சரிப்படவில்லை. இலை எப்படி இருக்கிறது என்று தோட்டத்தில் யாரும் அளப்பதில்லை. ஃபேக்டரிக்கு வந்த பிறகுதான் அளக்கிறோம். இந்த இடத்தில் மேடம் என் பக்கம் திரும்பி, “ஏனுங்க, நீங்கதான் சொல்லோணும்” என்றார்.

அளக்கிறது எப்படி என்று சொன்னேன். மூட்டையில் நாலைந்து இடத்தில் கைவிட்டு எடுத்து, கலந்து, ஒரு பிடியைத் தராசில் வைப்போம். ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்ப்போம். இரண்டு இலை ஒரு கொழுந்து, மளுக்கென்று ஒடிந்தால் நல்ல இலை. நார் இழுத்துக்கொண்டு தொங்கினால் முற்றல். இரண்டையும் தனித்தனியாக எடை போட்டால் நல்ல இலை இத்தனை சதவீதம் என்று வரும். அந்தச் சதவீதம் விவசாயிக்கு உரியது இல்லை, தோட்டத்துக்கும் உரியது இல்லை. அன்றைக்கு அந்தத் துண்டிலிருந்து வந்த இலைக்கு உரியது.

“அப்ப வரிசையில உக்கார வேண்டியது?” என்றார் மேடம்.

“ஒரு நாள், ஒரு துண்டிலிருந்து வந்த இலை.”

அதைத்தான் நோட்டில் எழுதினார். இதை அலகு என்பார்களாம், தகவலைத் தாங்குகிற ஒற்றை ஆள் அல்லது பொருள். ஒவ்வொரு அலகிலும் நாம் குறித்துக்கொள்கிற, அலகுக்கு அலகு வேறுபடுகிற விஷயம் மாறி. முக்கால் மணி நேரம் இதிலேயே போய்விட்டது. அதற்குத்தான் காசு என்றால் தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. கோயம்புத்தூரில் வந்த நாற்பது பக்கத்தில் இது ஒரு வரிகூட இல்லை.

அலகு முடிவானதும் மகள் முன்பே எழுதி வைத்திருந்த மாறிப் பட்டியலை எடுத்தார். பாதி அடிபட்டது. ‘தாலுகா’ என்று ஒன்று. எல்லாருமே கோத்தகிரித் தாலுகா; எந்த வரிசையிலும் மாறாதது எப்படி மாறியாகும்? அடித்தார். ‘கத்தரி பயன்படுத்துவோர் எண்ணிக்கை’ என்று இன்னொன்று. அதற்கு அவர் வைத்திருந்த வழி எனக்குப் பிடித்திருந்தது. “ஒரு மூட்டையத் தனியா கூப்பிட்டுக் கேளு கண்ணு. ‘உன்னை எதுல பறிச்சாங்க’ன்னா பதில் சொல்லும். ‘உங்கள்ல எத்தன பேரு கத்தரி’ன்னா அதுக்கு என்ன தெரியும்? பக்கத்து மூட்டையையே அது பாத்ததில்ல.” ஆக, ‘எதில் பறித்தது’ என்பது மாறி. எத்தனை என்பது எல்லா வரிசையும் நிரம்பிய பிறகு நாம் எண்ணிப் பார்க்கிற தொகை. சராசரியும் சதவீதமும்கூட அப்படித்தான் என்றார். இங்கே நான் குறுக்கே பேசினேன்: நல்ல இலை சதவீதம் என்று நாம் மாறியாகவே வைத்திருக்கிறோமே? அது ஒவ்வொரு மூட்டையும் தனக்கென்று சொல்லக்கூடிய எண், அதனால் ஆகும் என்றார். நியாயம்.

உறுப்பினர் எண்ணுக்கும் ஓர் இடம் கிடைத்தது. அதை அடிக்கவில்லை, ஓரத்துக் கட்டத்தில் பெயர்ச்சீட்டாக வைத்தார். ஒரே விவசாயி சீசனில் இருபது தடவை இலை போட்டிருப்பார். அந்த இருபது வரிசையும் இருபது தனித்தனி சாட்சி ஆகாது. ஒரே மண், ஒரே செடி, ஒரே கை. எது எது ஒரு வீட்டு இலை என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த எண். கூட்டிப் பார்க்க இல்லை.

கடைசியாக ப்ராஜெக்ட் தலைப்பு. ‘சிறு தேயிலை விவசாயிகள் மீது இயந்திரமயமாதலின் தாக்கம் – ஓர் ஆய்வு’ என்று மகள் பெரிய எழுத்தில் வைத்திருந்தாள். “தலைப்பு இருக்கு, கேள்விக்குறி எங்க?” என்றார். கேள்விக்குறியோடு முடிகிற ஒரு வாக்கியம் எழுதித் தராமல் மேலே போக மாட்டாராம். அந்த வாக்கியத்தில் யாரைப் பற்றி, எதை, எதோடு ஒப்பிட்டு என்று மூன்றும் தெரிய வேண்டும். நாலு தடவை அடித்து எழுதி கடைசியில் வந்தது இது: ‘கத்தரியில் பறித்து வந்த இலையில் நல்ல இலை சதவீதம் கையால் பறித்ததைவிடக் குறைவாக இருக்கிறதா?’

எனக்கு அதிலும் ஒரு சந்தேகம் இருந்தது, சொன்னேன். கையால் பறிக்கிறவர்கள் நல்ல சீசனில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை சுற்றிவிடுவார்கள். கத்தரிக்காரர்கள் பெரும்பாலும் ஆள் கிடைக்காதவர்கள். ஒரு மாதம் வரைக்கும் விட்டுவிடுவார்கள். ஒரு மாதம் விட்ட செடியில் கையால் பறித்தாலும் முற்றல்தான் வரும். அப்போது குற்றம் கத்தரியின் மேலா, தாமதத்தின் மேலா? மேடம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “இத்தன நேரம் பின்னாடி உக்காந்துட்டு என்னங்க பண்ணிட்டு இருந்தீங்க” என்றார். ‘முந்தின பறிப்பிலிருந்து எத்தனை நாள்’ என்று புதிதாக ஒரு கட்டம் சேர்ந்தது. எந்த மாதம் என்பதும் சேர்ந்தது, மழைக்கு முந்தின இலையும் பனிக்கால இலையும் ஒன்றில்லையே. யார் கத்தரி எடுப்பது என்று நாம் சீட்டுப் போட்டு முடிவு செய்திருந்தால் இந்தத் தொல்லை குறைவு. இருப்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்கிற ஆய்வில் இப்படிக் கூட வருகிறவற்றையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

நான் டீ மேக்கர் என்று தெரிந்ததும் ஒரு கதையும் சொன்னார். இங்கிலாந்தில் ராதம்ஸ்டட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், 1920களில், மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானி, கோப்பையில் பால் முதலில் ஊற்றினார்களா டீ முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றாராம். அங்கே வேலை பார்த்த ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் அதை வைத்து ஒரு சோதனையை எழுதினார்: எட்டுக் கோப்பை, நாலில் பால் முதலில், நாலில் டீ முதலில், வரிசையைக் கலைத்துக் கொடுப்பது. எட்டில் நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழி உண்டு. ஒன்றுமே தெரியாமல் குருட்டாம்போக்கில் சொன்னால் எல்லாம் சரியாக அமைய 70க்கு ஒரு வாய்ப்புதான். அலகு எது என்று மகளைக் கேட்டார். அந்த அம்மா என்றாள். கோப்பை! வரிசை எட்டு. எது முதலில் விழுந்தது, அந்த அம்மா என்ன சொன்னார் என்று இரண்டு மாறி. இரண்டுமே எண் இல்லை, வகை.

என் பங்குக்கு, பாலை முதலில் ஊற்றினால் டீ கெட்டுப்போகும் என்று சொல்லி வைத்தேன். அது வேற கேள்வி என்று சொல்லிவிட்டார். வேறு கேள்விதான், ஆனால் முக்கியமான கேள்வி.

அன்றைக்கு எங்களுக்கு முன்னால் சுற்றுலா படிக்கிற பையன் ஒருவன் இருந்தான். தலைப்பு ‘இ-பாஸின் தாக்கம்’. ஊட்டி, கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அடுத்த வருட சீசனுக்கு நீலகிரியில் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. பையன் 200 சுற்றுலாப் பயணிகளிடம் ‘இ-பாஸ் உங்களுக்குத் திருப்தியா’ என்று படிவம் வாங்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்து கூட்டம் குறைந்ததா என்று பார்க்கப் போவதாகச் சொன்னான். பயணியைக் கேட்டால் அவருடைய திருப்தி தெரியும், கூட்டம் எப்படித் தெரியும்? கூட்டத்துக்கு வரிசையில் உட்கார வேண்டியது ஒரு நாள். அந்த நாளில் எத்தனை வண்டி, வார நாளா வார இறுதியா, வரம்புக்கு முன்பா பின்பா. அந்த உத்தரவே ஒரு நாளைக்கு இத்தனை என்றுதானே பேசுகிறது. அதுவும் வண்டிக் கணக்கு. காரில் இரண்டு பேர் வந்தாலும் வேனில் பதினைந்து பேர் வந்தாலும் ஒன்றுதான். பையன் முகம் வாடிவிட்டது, ஆனால் 200 படிவமும் வீண் போகவில்லை. கேள்வியைத் திருப்தி பக்கம் திருப்பிக் கொடுத்தார்.

இன்னொரு நர்சிங் பிள்ளைக்கு, ஒரே நோயாளிக்கு மூன்று வேளை ரத்த அழுத்தம் பார்த்ததை மூன்று நோயாளியாக எண்ணியிருந்தது. அது ஐந்து நிமிட வேலை.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது வேறு. குன்னூர் ஏலத்தின் கேட்லாக்கை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வரிசை என்பது ஒரு லாட், அதாவது ஒரே தொகுதியாக ஏலத்துக்கு வருகிற தூள்: எந்த ஃபேக்டரி, என்ன கிரேடு, எத்தனை பை, என்ன விலை. வாராந்தர ரிப்போர்ட்டில் ஒரு வரிசை ஒரு வாரம். தேயிலை வாரியம் பச்சைத் தேயிலைக்கு அறிவிக்கிற சராசரியில் ஒரு வரிசை ஒரு மாதம், அதுவும் தூளுக்கு இல்லை, இலைக்கு. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் இலை போகும். எங்கள் ஊர்க் கூட்டங்களில் ஏல விலை ஏறியிருக்கிறது, இலைக்கு மட்டும் ஏன் ஏறவில்லை என்று சண்டை வரும்போது, ஒருவர் கையில் லாட் இருக்கும், ஒருவர் கையில் வாரம் இருக்கும், ஒருவர் கையில் மாதம் இருக்கும். விலை கம்மி என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஆளுக்கொரு வரிசையை வைத்துக்கொண்டு கத்தினால் எதிரில் இருக்கிற ஆபீசர் சுலபமாகத் தப்பித்துவிடுவார்.

சரி, கடைக்கு வருவோம். குறை இருக்கிறது. படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி கிடையாது, முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் யு.பி.எஸ். பத்து நிமிஷம்கூட நிற்காது. மேடம் நோட்டில் எழுதுவதோடு நிறுத்திக்கொள்வார். டைப் அடிக்கிற பையன் அதை ஏற்றும்போது தமிழில் நிறையத் தப்பு வருகிறது, ‘மாறி’ இரண்டு இடத்தில் ‘மாரி’ ஆகியிருந்தது. வரைபடங்கள் சுமார்தான், கறுப்பு வெள்ளை. பில் தருவதில்லை. கடைசி வாரத்தில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனால் வாங்கவே மாட்டார், முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிடுவார். தகவல் சேகரிக்கப் போவதற்கு முன்னால் வருகிறவர்களைத்தான் அவருக்குப் பிடிக்கும். நாங்கள் போனது சேகரித்த பிறகு. மகள் மறுபடி நாலு வாரம் ஃபேக்டரித் தராசுப் பக்கத்தில் நிற்க வேண்டியதாகிவிட்டது. அதில் அவளுக்குக் கோபம் இன்னும் போகவில்லை. அவளைக் கேட்டால் இந்தக் கடைக்கு மூன்று ஸ்டார்தான் கொடுப்பாள்.

முதல் ஆலோசனைக்கு 500 ரூபாய், எத்தனை நேரம் ஆனாலும். கணக்குப் போட்டு, அது என்ன சொல்கிறது என்று உட்கார வைத்து விளக்குவதற்கு 2,000. பைண்டிங் தனி. ரிப்போர்ட்டை நீங்களேதான் எழுத வேண்டும். எவ்வளவு கொடுத்தாலும் எழுதித் தர மாட்டார். காலை பத்தரைக்குத் திறப்பார், ஒன்று முதல் இரண்டரை வரை சாப்பாடு, ஞாயிறு லீவு. போகிறவர்கள் ஃபைலோடு நீங்கள் பார்த்த ஒரே ஓர் ஆளையோ மூட்டையையோ நாளையோ மனதில் வைத்துக்கொண்டு போங்கள், முதல் கேள்வி அதுதான். நான் நாலரை கொடுக்கிறேன். கீழே பேக்கரியில் வர்க்கி நன்றாக இருக்கிறது. டீ வேண்டாம்.